ஒற்றை நாற்காலிப் பள்ளிக்கூடம்

மழை விடாமல் தூறிக்கொண்டிருந்தது. நான் கடலுக்கு முதுகைக் காட்டி மேற்கே நடந்துகொண்டிருந்தேன்.

தரங்கம்பாடிக் கருவாட்டுக் கிடங்கில் எனக்கு இருந்த வேலை அன்று காலையோடு போயிருந்தது. மேஸ்திரி என்னை அறைந்தார். நான் திருப்பி அறைந்தேன். மேஸ்திரிக்கு மைத்துனர்கள் நாலு பேர். எனக்கு யாருமில்லை. அதனால் புறப்பட்டுவிட்டேன். ஒரு வேட்டியும், உப்பில் ஊறி மரப்பட்டை மாதிரி விறைத்துப்போன ஒரு சட்டையும்தான் மிச்சம்.

ஆடுதுறை வரை பேருந்தில் வந்தேன். அதைத் தாண்டி வடக்கே திரும்பியதும் கண்டக்டர் விசில் ஊதினார்.

"எறங்குப்பா. கோவிச்சுக்காத. ஒன் சட்டை நாத்தத்துல பின்னால ஒரு புள்ளத்தாச்சி வாந்தியா எடுக்குது."

நியாயமான பேச்சு. இறங்கிவிட்டேன். திருப்பனந்தாள் பக்கம் ஏதோ அரிசி ஆலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வி. அதை நம்பி வாய்க்கால் கரையில் நடந்தேன். இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் முழங்கால் உயரத்துக்கு நின்றது.

நான் இறங்கிய இடத்திலேயே இன்னொருவரும் இறங்கியிருந்தார். அவரை யாரும் இறக்கிவிடவில்லை. அது அவர் ஊர் நிறுத்தம். வெள்ளை வேட்டி, மூக்குக்கண்ணாடி, கக்கத்தில் சுருட்டிய படத்தாள்கள். காலடியில் கதவளவு ஒரு பலகை. அதன்மேல் பச்சைக் கம்பளித் துணி ஒட்டியிருந்தது.

"தம்பி, இதைக் கொஞ்சம் தூக்கிட்டு வர முடியுங்களா? சாப்பிட்டுட்டுப் போகலாம்."

பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் என்னை 'ங்க' போட்டுப் பேசியது அதுவே முதல் தடவை. சோறு வேறு. பலகையைத் தலையில் ஏற்றிக்கொண்டேன். மழைக்குக் குடையும் ஆயிற்று. கொஞ்ச தூரம் போனதும் பச்சைச் சாயம் என் காது வழியாக ஒழுக ஆரம்பித்தது. அவர் படத்தாள்களைக் கக்கத்தில் இன்னும் இறுக்கிக்கொண்டார்.

பலம் என்ன, பலவீனம் என்ன

அவர் பெயர் கலியமூர்த்தி. ஊர்த் தொடக்கப் பள்ளியின் தலைமையாசிரியர். ஊர் பெயரை விட்டுவிடுகிறேன். அங்கே இன்னும் சிலர் உயிரோடு இருக்கிறார்கள். வழக்குப் போடுகிற பழக்கமும் அவர்களுக்கு உண்டு.

தஞ்சாவூரில் தலைமைப் பண்புப் பயிற்சி முடித்துவிட்டு அவர் திரும்பிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தை நடத்துவது வேறு, தலைமை தாங்குவது வேறு என்று அங்கே சொல்லியிருந்தார்களாம். அந்தப் பலகை பயிற்சியில் கொடுத்தது. அதில் படங்களை ஒட்டினால் ஒட்டிக்கொள்ளும். மழையில் எதுவும் ஒட்டாது.

கற்றதை உடனே யார்மேலாவது பிரயோகிக்க வேண்டும் என்று அவருக்குக் கை துறுதுறுத்தது. கரையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"ஒங்க பலம் என்னன்னு நெனைக்கிறீங்க?"

"ஈரக் கருவாட்டுக் கூடை ரெண்டு, ஒரே நேரத்துல தூக்குவேன் சார்."

"அது இல்லீங்க. குணத்துல."

யோசித்தேன். "யாராவது அடிச்சா திருப்பி அடிப்பேன்."

"பலவீனம்?"

"அதே தான் சார்."

அவர் தலையசைத்துக்கொண்டார். பயிற்சியில் இப்படியொரு பதிலுக்கு என்ன செய்வது என்று சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

"எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க?"

"அஞ்சாவது. அதுல பாதி."

"ஏன் நின்னுட்டீங்க?"

"வாத்தியார் சொன்னாரு, மாடு மேய்க்கத்தான் நீ லாயக்குன்னு. சரின்னு வந்துட்டேன். மாடும் யாரும் குடுக்கல."

அதன் பிறகு அவர் தரையைப் பார்த்தே நடந்தார். எத்தனை பேரிடம் அதே வாக்கியத்தைச் சொல்லியிருப்பாரோ, மனசுக்குள் எண்ணிக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறேன்.

நான் பார்த்த தலைவர்கள்

தலைவர்கள் விஷயத்தில் நானும் அனுபவசாலிதான். கருவாட்டுக் கிடங்குக்கு முன்னால் திருவிடைமருதூரில் ஒரு மைக் செட் கடையில் கொஞ்ச காலம் இருந்தேன். கூட்டம் நடக்கிற ஊரில் மரமேறிக் குழாயைக் கட்டுவது என் வேலை.

ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. வாரத்துக்கு ஏழு நாளும் எங்காவது கூட்டம். பட்டம் இல்லாத பேச்சாளரே கிடையாது. இடி, மின்னல், வேங்கை, சிங்கம் என்று வானத்திலும் காட்டிலும் இருந்தவற்றையெல்லாம் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். தாமதமாக வந்தவர்களுக்குத் தென்றல்தான் கிடைத்தது.

மைக் கரகரத்தால் இடியும் சிங்கமும் செந்தமிழை நிறுத்திவிட்டு மரத்தைப் பார்த்துக் கத்தும்: "டேய், மேல என்னடா பண்ற?"

இன்னொரு கொடிக்காரர்களும் எங்களைக் கூப்பிடுவார்கள். செங்கொடி. அவர்கள் கூட்டத்தில் பட்டம் கிடையாது, தேநீரும் கிடையாது. கூலி நெல்லைப் பற்றி மட்டும் பேசுவார்கள். அதைக் கேட்கப் பெண்கள் சேற்றுக் காலோடு வந்து உட்கார்ந்திருப்பார்கள். மறுநாள் அந்த ஊருக்கு போலீஸ் வேன் வரும். நாங்கள் அதற்குள் குழாயை அவிழ்த்துக்கொண்டு போயிருப்போம்.

கலியமூர்த்தி சாரின் ஊரும் அப்படி வேன் வந்து போன ஊர்தான்.

நாளைக்கு ஜீப் வருகிறது

பள்ளிக்கூடம் ஓட்டுக் கட்டடம். மிராசுதார் இருக்கும் மேலத்தெருவுக்கும், வயல் வேலைக்காரர்கள் இருக்கும் கீழத்தெருவுக்கும் நடுவில், ஆற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு கரும்பலகை, ஒரு மணி, கைவைத்த நாற்காலி ஒன்று. அவ்வளவுதான் சொத்து. வராந்தாவில் ஏழெட்டுக் குழந்தைகள் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

"மத்தவங்க?" என்று கேட்டேன்.

"அதாங்க பிரச்சனை."

நாளைக் காலையில் கல்வி அதிகாரி ஜீப்பில் வருகிறார். பாதிப் பிள்ளைகளாவது உட்கார்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளியை மூடி அக்கரைப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். நடுவில் மண்ணியாறு. அதன்மேல் மூங்கில் பாலம். ஐப்பசித் தண்ணீரில் அந்தப் பாலத்தில் பெரிய ஆட்களே ஒருவர் பின் ஒருவராக, பேச்சில்லாமல் போவார்கள். ஒன்றாம் வகுப்புக் குழந்தையை எந்தத் தாயும் அதில் அனுப்ப மாட்டாள். பள்ளி போனால் கீழத்தெருவுக்குப் படிப்பும் போயிற்று.

பிள்ளைகள் ஏன் வருவதில்லை என்று அவரிடம் கேட்டேன். ஆர்வத்தைத் தூண்ட வேண்டும், சமுதாயத் தலைவர்களை ஈடுபடுத்த வேண்டும் என்று சுற்றிச் சுற்றிப் பதில் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் பலகையைப் பார்த்தார். காரணம் அவருக்குத் தெரியும் என்று எனக்குப் பட்டது.

அன்று சாயங்காலமே கூட்டம் கூட்டினார். மேலத்தெரு மிராசுதாரிடம் போய், கீழத்தெரு அஞ்சலை வருகிறாள் என்றார். அஞ்சலையிடம் போய், மிராசுதார் வருகிறார் என்றார். இருவரும் வந்துவிட்டார்கள்.

"இதுவும் பயிற்சியில சொன்னதுங்களா?" என்றேன்.

"இல்ல. எங்க வீட்ல மாமியார் மருமக சண்டை வந்தா எங்கப்பா செய்யறது."

யாரும் உட்காராத கூட்டம்

மிராசுதார் நாகராஜன் குள்ளமான, தடித்த மனிதர். பள்ளிக்கூடம் நின்ற மனை அவர் தாத்தா கொடுத்தது; வாசற்படியில் கல்லில் பெயர் வெட்டியிருந்தது. அஞ்சலை கீழத்தெருவின் நடவுக் கூட்டத்துக்குத் தலைவி, செங்கொடிச் சங்கத்திலும் முதல் ஆள். குறுவை அறுப்பில் கூலி நெல் கூட்டிக் கேட்டு, களத்தில் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வெளியேறியவர்கள் அவளும் அவள் ஆட்களும். மிராசுதார் வெளியூர் ஆட்களை இறக்கினார். வேன் வந்தது இதற்காகத்தான். அதிலிருந்து இரண்டு தெருவுக்கும் பேச்சு கிடையாது.

தலைமைப் பயிற்சியின் முதல் பாடம், எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். வட்டத்தில் மேல் கீழ் இல்லை.

கலியமூர்த்தி சார் பாய்களை வட்டமாக விரித்தார். மிராசுதார் பாயைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் பார்த்தார். அஞ்சலையும் நாற்காலியைப் பார்த்தாள்.

"அவரு நாற்காலியில உக்காந்தா எனக்கும் நாற்காலி வேணும்."

"இங்க இருக்கறது ஒண்ணுதாம்மா."

"அப்ப நான் நின்னுக்குறேன்."

"அவ நின்னுக்கிட்டு எனக்கு மேல இருந்து பேசுவாளா? நானும் நிக்கிறேன்" என்றார் மிராசுதார்.

சண்டைக்கு வேர் நாற்காலிதான் என்று கண்டுபிடித்துவிட்டவர் போல, சார் அதைத் தூக்கி வராந்தாவில் போட்டார். பயனில்லை. மிராசுதார் தரையில் உட்காரவில்லை. அவர் நிற்கும்போது அஞ்சலை உட்காரவில்லை. அவள் ஆட்கள் நின்றார்கள், அவர் ஆட்கள் நின்றார்கள், சாரும் நின்றார். விரித்த பாய்கள் நடுவில் காலியாகக் கிடந்தன.

எனக்கு இதில் ஒரு லாபம் இருந்தது. வராந்தாவுக்கு வந்த நாற்காலியில் நான் உட்கார்ந்துகொண்டேன். சாரின் மனைவி இலையில் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து மடியில் வைத்தார். சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்றிருந்தேன். இடையில் வேடிக்கை.

நல்ல குணம்

சார் தொண்டையைக் கனைத்தார். "பயிற்சியில ஒரு வெளையாட்டு சொல்லிக் குடுத்தாங்க."

"வெளையாட்டா? என்னய்யா, பம்பரம் விடற வயசா எங்களுக்கு?" என்றார் மிராசுதார்.

"எதிர்ல நிக்கறவங்ககிட்ட இருக்கிற ஒரு நல்ல கொணத்தச் சொல்லணும். அவ்வளவுதாங்க. திட்டக் கூடாது."

ஓட்டின்மேல் மழை கொட்டியது. நான் குழம்பைப் பிசைவதை நிறுத்திவிட்டேன்.

முதலில் பேசியது மிராசுதார். "அஞ்சலை நட்டா நாத்து நூல் புடிச்ச மாதிரி நிக்கும். அதுல கொறை சொல்ல முடியாது." அங்கே நிறுத்தியிருக்கலாம். "வாயிதான்..."

"வாய் வேணாங்க. கை வரைக்கும் போதும்" என்றார் சார் அவசரமாக.

இப்போது எல்லோரும் அஞ்சலையைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். முன்பு அந்தத் தெருவில் மிராசுதாரை 'ஆண்டே' என்றுதான் கூப்பிடுவார்கள். சங்கம் வந்த பிறகு அது 'ஐயா' ஆகியிருந்தது.

"ஐயாவுக்கு எரக்க கொணம் ஜாஸ்தி" என்றாள்.

மிராசுதாரே திடுக்கிட்டுப் போனார்.

"எங்க மாடு அவரு வரப்புல நின்னு மூச்சு விட்டாக்கூட, ஆள விட்டுப் புடிச்சிட்டுப் போயி பட்டியில அடைச்சிடுறாரு. தண்டம் கட்டுனாத்தான் வெளிய விடுறாங்க. ஆனா ஒண்ணு, அடிக்க மாட்டாரு. ஒரு வாட்டி வைக்கோல்கூட போட்டாரு."

ஜன்னலுக்கு வெளியே நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

மிராசுதார் சாரிடம் திரும்பினார். "யோவ், இது நல்ல கொணமா, திட்டா?"

சார் சுவரில் மாட்டியிருந்த பயிற்சித் தாளைப் பார்த்தார். அதில் உதவி எதுவும் இல்லை. "நல்ல கொணந்தாங்க. வைக்கோல் போட்டிருக்கீங்களே."

அஞ்சலை விடவில்லை. "அதனாலதான் சார் புள்ளைங்க வரல. மாட்டுக்கு ஒரு புள்ள காவல். விடிஞ்சா கவுத்தப் புடிச்சிட்டு நிக்கிதுங்க. ஒங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். இத அவரு எதிர்ல சொல்ல வெக்கறதுக்கு நீங்க தஞ்சாவூரு வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு."

பயிற்சி பலித்த ஒரே இடம் அதுதான் என்பது என் கருத்து. நேராகச் சொல்லியிருந்தால் அன்றைக்கும் வேன் வந்திருக்கும். பாராட்டு என்ற பெயரில் வந்ததால், அவர் நின்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

"எம் பயிர மேஞ்சா நான் கும்புட்டுக்கிட்டு நிக்கணுமா?" என்றார் மிராசுதார். ஆனால் குரல் இறங்கியிருந்தது. "எம் மாட்டப் போய்ப் பாரு. ஒங்க ஆளுங்க எவனும் ஓட்ட வர மாட்டேங்குறான். கொட்டாயிலேயே நின்னு நின்னு கொளம்பு வீங்கிப் போச்சு."

"ஐயோ, அந்த மயிலப் பசுவுக்குமா?" என்றாள் அஞ்சலை. இதில் கேலி இல்லை.

நாற்காலியில் இருப்பவன் யார்?

அந்த ஊரில் முன்பு ஒரு வழக்கம் இருந்தது. ஊர் மாடுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே மேய்ப்பாள். காலையில் எல்லா வீட்டு மாட்டையும் ஆற்றுப் படுகைக்கு ஓட்டிப் போவார். அவருக்குச் சம்பளம் கிடையாது, முறைச்சோறு. இன்று ஒரு வீடு, நாளைக்கு அடுத்த வீடு என்று தெரு முழுக்கச் சுற்றி வரும். கூலித் தகராறில் மேலத்தெரு அவரைக் கீழத்தெருவின் ஒற்றன் என்றது. கீழத்தெரு அவரை மேலத்தெருவின் ஒற்றன் என்றது. இரண்டு பக்கமும் உதை விழுமுன் அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

"வேற ஆள் போடுவோம். எங்க கணபதி இருக்கான்" என்றார் மிராசுதார்.

"அவன்தானே மாட்டப் புடிச்சிட்டுப் போறவன்? எங்க தெரு ஆள் ஒருத்தர போடுங்க."

"சங்கத்து ஆளா? எம் மாடு கொடி புடிச்சிட்டு வந்து நிக்கும்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாசல் பக்கம் திரும்பிப் போட்டுக்கொண்டார். கண்ணாடியில் முதலில் விழுந்தது நான்தான். அவர் பார்த்த இடத்தை எல்லோரும் பார்த்தார்கள். அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரே ஆள், அதுவும் நாற்காலியில், வாய் நிறையச் சோற்றோடு.

"யாருய்யா அது?" என்றார் மிராசுதார்.

"பலகை தூக்கிட்டு வந்தவருங்க."

"எந்த ஊரு ஒனக்கு?"

சோற்றை விழுங்கினேன். "ஊருன்னு ஒண்ணும் இல்லீங்க."

"எந்தக் கட்சி?"

"மைக் கட்டுன எல்லாக் கட்சியுங்க."

"நெலம் நீச்சு?"

"சட்டை இருக்குங்க."

அஞ்சலை மூக்கைச் சுருக்கினாள். "என்னா நாத்தம் இது? தம்பி, கருவாடா?"

"ஆமாக்கா."

"இவன ஒங்க பக்கமும் சேக்க மாட்டீங்க, எங்க பக்கமும் சேக்க முடியாது. இவன்தான் சரி" என்றாள்.

இப்படித்தான் என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். என் பலம் என்ன, பலவீனம் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

மிராசுதார் நிபந்தனை போட்டார். என் கையில் இருக்கும் மாட்டை அவர் ஆட்கள் தொட மாட்டார்கள். "பயிர்ல வாய் வெச்சா மாட்ட அடைக்க மாட்டேன். ஒன்னத்தான் பட்டியில அடைப்பேன்."

"முறைச்சோறு ஒங்க வீட்லயும் உண்டுங்களா?" என்று சார் மெல்லக் கேட்டார்.

மிராசுதார் வாசலைப் பார்த்தார். "உண்டு. கொல்லப் பக்கமா வந்து வாங்கிக்கட்டும்."

எந்தப் பக்கமாக வந்தாலும் சோறு சோறுதான் என்பது என் கொள்கை. அரிசி ஆலை எங்கும் ஓடிப்போகாது. சரி என்றேன்.

காலை

விடிந்தபோது மழை விட்டிருந்தது. கீழத்தெருப் பிள்ளைகள் ஆளுக்கொரு மாட்டை ஓட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தருகே வந்தார்கள். கயிற்றை என் கையில் கொடுத்து மாட்டின் பெயர், குணம், எங்கே சொறிந்தால் பிடிக்கும் என்பதெல்லாம் ஒப்பித்தார்கள். மேலத்தெருவிலிருந்து மயிலைப் பசு நொண்டிக்கொண்டு வந்தது.

ஓட்டத் தெரியாமல்தான் நின்றேன். மாடுகளே வழி காட்டின. முதலில் ஒன்று என் சட்டையை நக்கியது. பிறகு இன்னொன்று. தரங்கம்பாடி உப்பு முழுக்க அந்தச் சட்டையில்தானே இருந்தது! நான் நடந்தேன், மொத்தக் கூட்டமும் நாக்கை நீட்டிக்கொண்டு பின்னால் வந்தது. பேருந்திலிருந்து என்னை இறக்கிய சட்டை இங்கே என்னைத் தலைவனாக்கிவிட்டது. மேடையில் நான் பார்த்த எந்தச் சிங்கத்துக்கும் இவ்வளவு விசுவாசமான கூட்டம் சேர்ந்ததில்லை.

பள்ளிக்கூட வாசலில் கலியமூர்த்தி சார் விரலை நீட்டிப் பிள்ளைகளை எண்ணினார். நடுவில் யாரோ இடம் மாறி உட்கார, முதலிலிருந்து எண்ணினார். முகத்தைப் பார்த்தால் எண்ணிக்கை போதும் என்று தெரிந்தது. இருந்தும் எண்ணிக்கொண்டே இருந்தார்.

தூரத்தில் சாலைப் பக்கம் ஜீப்பின் உறுமல் கேட்டது.

ஒரு பெண் மட்டும் கயிற்றை விடவில்லை. அஞ்சலையின் மகள், தமிழ்ச்செல்வி. அவள் மாடு செவலை. ஏற்கெனவே பட்டிக்குப் போய் வந்தது. அதன் கண் அப்போதும் மிராசுதாரின் சம்பாமேல்தான் இருந்தது.

"செல்வி! ஓடியா, ஓடியா!" என்று சார் வாசலிலிருந்து இரண்டு கையையும் வீசினார்.

அவள் அசையவில்லை. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"ஒங்களுக்கு மாடு மேய்க்கத் தெரியுமா?"

"எங்க வாத்தியாரே சொல்லியிருக்காரு, அதுக்கு மட்டுந்தான் நான் லாயக்குன்னு."

வாத்தியார் சொன்னது என்றதும் அவள் முகம் தெளிந்தது.

"அப்ப சரி" என்று கயிற்றை என் கையில் வைத்துவிட்டு, ஜீப்பை முந்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள்.